வேட்பாளரின் செலவுக் கணக்கு



தோட்டத்து லயங்களில் இருந்து கேட்பவர்களே, தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னும் நம் நிகழ்ச்சியை விடாமல் கேட்பவர்களே! தேர்தல் வந்துவிட்டால் நம் பக்கம் எப்படி மாறிவிடும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. நேற்றுவரை செம்பனைக் குலை ஏற்றிய லாரி மட்டுமே ஓடிய செம்மண் சாலையில் இரவோடு இரவாகக் கொடிகள் முளைக்கும். ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரும். கோயில் வளாகத்தில் பந்தல் எழும்பும். இரவுச் சாப்பாடு நடக்கும். சில இடங்களில் அரிசிப் பையும் எண்ணெய்ப் போத்தலும் வீடு தேடி வரும்.

இவற்றுக்கெல்லாம் பணம் யாருடையது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். "அது பெரியவர்கள் விஷயம், நமக்கு ஏன்?" என்று வானொலியைத் திருகிவிடாதீர்கள். அந்தப் பணத்துக்குக் கணக்கு எழுத வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்க நமக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. மூன்றையும் சொல்கிறேன்.

கணக்கு என்பது நமக்குப் புதிய சங்கதியா என்ன? தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. அதற்கு மேல் உபயம். திருவிழா முடிந்ததும் வரவு செலவை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டிவிடுவார்கள். வாழைக்குலை வாங்கிய காசு முதற்கொண்டு அதில் இருக்கும். இன்னார் 500 வெள்ளி, இன்னார் ஒரு மூட்டை அரிசி என்று பெயரோடு இருக்கும். ஒரு வருடம் ஒட்டாமல் விட்டுப் பாருங்கள், அடுத்த வருடக் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாது! அதிகமாக உபயம் கொடுத்தவர், அடுத்த திருவிழாவில் முதல் மரியாதையை எதிர்பார்ப்பார் என்பதும் ஊருக்குத் தெரியும். யார் கொடுத்தார் என்று தெரிந்தால்தான், யாருக்கு ஏன் முதல் மரியாதை நடக்கிறது என்பதும் புரியும். தேர்தல் பணத்திலும் இதே நியாயந்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். இதன் பெயர் 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டம். மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் 1955 ஜூலை 27-இல் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே எழுதப்பட்ட சட்டம் இது. அந்தத் தேர்தலில் நம் தாத்தா பாட்டிமாரில் மிகப் பலருக்கு வாக்கே கிடையாது. குடியுரிமை இல்லாததால் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இன்றோ, 2021 டிசம்பர் 15 முதல், குடிமகனுக்கு 18 வயது நிரம்பினால் பதிவுகூடத் தானாகவே நடந்துவிடுகிறது. சட்டம் பலமுறை திருத்தப்பட்டாலும் அதன் எலும்புக்கூடு பழையதுதான்.

அது சொல்வது என்ன? நாடாளுமன்றத் தொகுதியில் நிற்கும் வேட்பாளர் 2 லட்சம் வெள்ளிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. சட்டமன்றத் தொகுதியில் நிற்பவர் 1 லட்சம் வெள்ளிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. நம் பினாங்கு மாநிலத்தில் 13 நாடாளுமன்றத் தொகுதிகளும் 40 சட்டமன்றத் தொகுதிகளும் உள்ளன. பத்து காவானில் நின்றாலும் பாலேக் பூலாவில் நின்றாலும் வரம்பு ஒன்றுதான். இந்த வரம்பு 20 ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருக்கிறது. வேட்பாளர் மனுத்தாக்கலின்போது கட்டும் வைப்புத் தொகையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு பெறாவிட்டால் பறிபோகும் பணம் அது.

செலவும் கண்டபடி செய்ய முடியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தேர்தல் முகவர் ஒருவர் இருக்க வேண்டும். விரும்பினால் வேட்பாளர் தாமே முகவராகவும் இருக்கலாம். பணம் அந்த முகவர் கை வழியாகத்தான் போக வேண்டும். அச்சகத்துக்கு, பந்தல்காரருக்கு, மண்டப வாடகைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பில்லும் ரசீதும் வேண்டும். தேர்தல் முடிவு அரசிதழில் வெளியான 31 நாட்களுக்குள் இவையனைத்தையும் தொகுத்து மாநிலத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். செலவு மட்டுமல்ல, வரவும் எழுத வேண்டும். வேட்பாளர் கையிலிருந்து போட்டது எவ்வளவு, மற்றவர் கொடுத்தது எவ்வளவு, கொடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

தோற்றவருக்கும் இது உண்டு! "நான்தான் தோற்றுவிட்டேனே, எனக்கு ஏன் கணக்கு?" என்று வீட்டில் இருந்துவிட முடியாது. கணக்குக் கொடுக்கத் தவறியவர் 5 ஆண்டுகளுக்கு நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது என்று நம் கூட்டரசு அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவே சொல்லுகிறது. நாட்டின் தலையாய சட்டத்தில் ஒரு செலவுக் கணக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்றால், அதை எழுதியவர்கள் இதை எவ்வளவு முக்கியமாகக் கருதினார்கள் பாருங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் போட்ட கணக்குத்தான் இது. ஒரு சட்டமன்றத் தொகுதியில் 25,000 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு வரம்பு 1 லட்சம் வெள்ளி. ஒரு வாக்காளருக்கு எவ்வளவு? 4 வெள்ளி. ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக், அவ்வளவுதான் என்று ஒரு பையன் சொன்னான். அடுத்த கேள்வி: அரிசி, எண்ணெய், மாவு எல்லாம் சேர்ந்த ஒரு பை 50 வெள்ளி. அதை 2,000 வீடுகளுக்குக் கொடுத்தால் எவ்வளவு? பிள்ளைகள் உடனே சொல்லிவிட்டார்கள், 1 லட்சம் வெள்ளி என்று.

அதாவது, 2,000 வீட்டுக்குப் பை கொடுத்த மாத்திரத்தில் சட்டம் அனுமதித்த மொத்தத் தொகையும் தீர்ந்துவிட்டது. அப்புறம் கொடி எங்கிருந்து வந்தது? பந்தல்? லாரி? ஒலிபெருக்கி? பை கொடுத்தவர் பெயர் வேட்பாளரின் கணக்கில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? அரிசிப் பை வாசலில் வந்து இறங்கும்போது நாம் பையின் எடையைப் பார்க்கிறோம். அதோடு இந்தக் கேள்வியையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பை கொடுப்பது எல்லாமே குற்றமா என்று தாய்மார்கள் கேட்கலாம். அப்படி இல்லை. தீபாவளிக்கு உதவி, வெள்ளம் வந்தால் உதவி என்று வருடம் முழுவதும் நடப்பது வேறு. இவருக்கு வாக்களிக்கவேண்டும், அவருக்கு வாக்களிக்காதே என்ற நோக்கத்தோடு பணமோ பொருளோ கொடுத்தால் அது லஞ்சம். அதே நோக்கத்தோடு உணவும் பானமும் கொடுப்பதும் குற்றமாகச் சட்டத்தில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வாக்காளர்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்குப் பணம் கொடுப்பதும் தடை செய்யப்பட்ட செலவு. நோக்கம் எது என்பதை முடிவு செய்வது நீதிமன்றம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கொடுப்பவர் மட்டும் குற்றவாளி அல்லர்; வாக்குக்காக வாங்குபவரும் குற்றவாளிதான். இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். ஐந்தாண்டு வாக்குரிமையும் போகும். கொடுப்பவருக்கு வழக்கறிஞர் இருப்பார். நமக்கு யார் இருக்கிறார்கள்?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிட வேண்டாம். கேமரன் மலையில் நடந்ததைக் கேளுங்கள். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களும் ஓராங் அஸ்லி மக்களும் சேர்ந்து வாழும் தொகுதி அது. 2018 மே 9-ஆம் நாள் பொதுத்தேர்தலில் அங்கே ம.இ.கா.வின் சி. சிவராஜ் 597 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். அவரை எதிர்த்து நின்ற ஜனநாயக செயல் கட்சியின் எம். மனோகரன் தேர்தல் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்தது. வாக்குப் பெறுவதற்காகப் பணம் கொடுக்கப்பட்டது என்று கண்டு, 2018 நவம்பர் 30-ஆம் நாள் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

2019 ஜனவரி 26-ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. மனுச் செய்து வென்ற மனோகரனே மறுபடியும் நின்றார், தோற்றுப்போனார். வென்றவர் தேசிய முன்னணியின் ரம்லி முகமது நோர். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி அவர்தான். வழக்குப் போட்டவருக்குத் தொகுதி கிடைக்கவில்லை. ஆனால் யாருடைய வாக்கைக் காசுக்கு வாங்கப் பார்த்தார்களோ, அந்தச் சமூகத்தின் மனிதர் ஒருவர் நாடாளுமன்றம் போனார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கட்சியைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. கூலிக்காரன் வாக்குக்குக் கொடுத்த பணம் என்று சின்னதாக நினைத்த காரியம், ஒரு நாடாளுமன்ற இருக்கையையே புரட்டிப் போட்டது என்பதற்காகச் சொல்கிறேன். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளரும் இத்தகைய மனுவைக் கொண்டுபோகலாம். செலவும் அலைச்சலும் உண்டு என்பது வேறு விஷயம்.

சரி, ஓட்டை எங்கே இருக்கிறது? இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டும்.

சட்டம் கட்டிப்போடுவது வேட்பாளரை. கட்சியை அல்ல. வேட்பாளர் 2 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஆனால் அவருடைய கட்சி நாடு முழுவதும் கொடி கட்டவும் விளம்பரம் செய்யவும் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். அதற்கு வரம்பு இல்லை. கட்சிகள் சங்கங்கள் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவகத்தில் பதிவு செய்துகொண்டவை; ஆண்டுக் கணக்கை அங்கே கொடுக்கின்றன. ஆனால் பெரிய தொகை கொடுத்தவர் இன்னார் இன்னார் என்று பொதுமக்களுக்குப் பட்டியல் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் கோயில் கணக்கோடு ஒப்பிட்டால், வாழைக்குலைக்குச் சில்லறை கொடுத்தவர் பெயர் சுவரில் இருக்கிறது. தேர் செய்யப் பணம் கொடுத்தவர் பெயர் இல்லை.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை நாடு 2015-இல் பார்த்தது. அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்குகளுக்கு ஏறத்தாழ 260 கோடி வெள்ளி வந்ததாக அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று செய்தி வெளியிட்டது. அது நன்கொடை என்று விளக்கம் சொல்லப்பட்டது. அதற்குப் பிந்திய வழக்குகளும் தீர்ப்புகளும் நீங்கள் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்கவில்லை. நம் பேச்சுக்கு வேண்டிய கேள்வி வேறு: ஒரு கட்சித் தலைவர் "அது அரசியல் நன்கொடை" என்று சொன்னால், அதைச் சரிபார்க்க எந்த ஏட்டைப் புரட்டுவது? அப்படி ஓர் ஏடே இல்லை. அந்த 2015-ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் அரசியல் நிதி பற்றி ஆராய ஒரு தேசிய ஆலோசனைக் குழுவை அமைத்தது. அமைச்சர் பால் லோ அதற்குத் தலைமை தாங்கினார். குழு 2016-இல் 32 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதற்குப் பிறகு அரசாங்கங்கள் மாறின. ஒவ்வொன்றும் இதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று பேசியது. 2025 பிறந்தபோதும் அந்தச் சட்டம் பிறக்கவில்லை. பேசியவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் வீட்டுச் சுவரில் தானே கணக்கு ஒட்ட எந்தக் கட்சிக்கும் அவசரம் இருப்பதில்லை.

மத்திய அரசாங்கம் செய்யாவிட்டால் மாநிலம் செய்யக் கூடாதா, பினாங்குச் சட்டமன்றமே ஒரு சட்டம் போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி, நாடாளுமன்றத் தேர்தல் மட்டுமல்ல, மாநிலச் சட்டமன்றத் தேர்தலும் மத்திய அரசாங்கத்தின் அதிகாரப் பட்டியலில்தான் இருக்கிறது. பினாங்கு ஒருமுறை முட்டிப் பார்த்திருக்கிறது. மலாயாவிலேயே முதன்முதலாக நகராட்சித் தேர்தல் நடந்தது நம் ஜார்ஜ் டவுனில்தான், 1951 டிசம்பர் 1-ஆம் நாள். 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டன. அவற்றை மீண்டும் நடத்துவதற்குப் பினாங்குச் சட்டமன்றம் 2012-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் பினாங்கின் மனுவை ஏற்க மறுத்துவிட்டது.

மாநிலத்தால் முடிந்த காரியம் ஒன்று உண்டு. பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. சட்டமன்றத்தில் 2011-இல் நிறைவேறி, 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. சிலாங்கூரிலும் இப்படி ஒன்று உண்டு. மாநில இலாகாக்களிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் உள்ள தகவலை விண்ணப்பித்துக் கேட்கலாம். தோட்ட நிலத்தை மேம்பாட்டுக்கு மாற்றிய விவரம், ஒரு குத்தகை யாருக்குப் போனது என்ற விவரம் போன்றவற்றைக் கேட்க இது வழி. கட்சியின் பணப்பெட்டியை இந்தச் சட்டத்தால் திறக்க முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பெரிய தொகை கொடுப்பவர் எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறார்? நிலமும் குத்தகையும்தானே? பணம் போன பாதை தெரியாவிட்டாலும், காரியம் நடந்த பாதையை ஓரளவு பின்தொடரலாம். தோட்டம் கைமாறி வீடிழந்த குடும்பங்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

மற்ற நாடுகளில் எப்படி? பக்கத்துச் சிங்கப்பூரில் கட்சிகள் யார் கொடுத்தது என்று தெரியாத நன்கொடையை ஓராண்டுக்கு மொத்தம் 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. இலங்கையில் 2023-இல்தான் தேர்தல் செலவை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2024 செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று கணக்கிட்டு வரம்பு வைத்தார்கள். மலையகத் தோட்டத்து நம் உறவினர்களுக்கும் இது புதிய அனுபவம்.

இந்தியாவின் கதை நமக்கு எச்சரிக்கை. அங்கே 2018-இல் தேர்தல் பத்திரம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாரத ஸ்டேட் வங்கியில் பணம் கட்டிப் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம்; கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இப்படிக் கைமாறியது. வாக்களிப்பவருக்குத் தகவல் அறியும் உரிமை உண்டு என்று சொல்லி, 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதைச் செல்லாது என்று தீர்த்தார்கள். அடுத்த மாதமே பெயர்ப் பட்டியல் வெளிவந்தது. பட்டியலில் முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்து லாட்டரி நிறுவனம் ஒன்று. கொடுத்தது 1,300 கோடி ரூபாய்க்கும் மேல்! தமிழ்நாட்டில் இன்னொன்றும் நடந்தது. 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் கட்டுக் கட்டாகப் பணம் பிடிபட்டதால், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆகஸ்டு 5-ஆம் நாள்தான் அங்கே மறுபடி நடந்தது. வாக்குக்குக் காசு என்பது கடல் கடந்தும் நம்மவரை விட்டபாடில்லை!

முடிப்பதற்கு முன் நடைமுறை விஷயம் ஒன்று. வேட்பாளர்கள் கொடுத்த செலவுக் கணக்கு மாநிலத் தேர்தல் அலுவலகத்தில் குறிப்பிட்ட காலம்வரை வைக்கப்பட்டிருக்கும். அலுவலக நேரத்தில் போய், சிறு கட்டணம் கட்டி, யாரும் பார்க்கலாம், குறிப்பும் எடுத்துக்கொள்ளலாம். கட்சி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, வழக்கறிஞராகவும் இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து இளைஞர் மன்றத்தினர் நாலு பேர் சேர்ந்து ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்வரலாம். போவதற்கு முன் தேர்தல் சமயத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்: நம் தோட்டத்தில் எத்தனை பந்தல் போட்டார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பை வந்தது, எந்தத் தேதியில் வந்தது. பிறகு வேட்பாளர் எழுதிக் கொடுத்திருப்பதோடு அதை வைத்துப் பாருங்கள். மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். படிவம் மலாயில்தான் இருக்கும். 31 நாள் கெடு முடிந்த பிறகு போனால்தான் ஏடு கையில் கிடைக்கும், நினைவிருக்கட்டும்.